கேட்டீங்க, சொல்றேன்: ஓட்டு, காசு, என்ஜிஓ

போன இதழ்ல தேர்தல் கண்காணிப்புக் குழுக்களைப் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இந்தத் தடவை மெயில் குவிஞ்சிருச்சு. திட்டி வந்ததும் இருக்கு. அதையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கேன்.

கே: சார், ஆசியாவுல ஜனநாயகத்தை வளர்க்கிறோம்னு இத்தனை என்ஜிஓ இருக்கே, இவங்க காலைல எந்திரிச்சு என்னதான் வேலை பார்ப்பாங்க? ஏசி ரூம், செமினார், டீ பிஸ்கட் தாண்டி ஏதாவது நடந்திருக்கா? (சேலம் வாசகர்)

ப: செமினார் நடக்குது, பிஸ்கட்டும் உண்டு, நான் மறுக்கல. ஆனா 1986 பிப்ரவரில பிலிப்பைன்ஸ்ல நடந்ததைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. 1972-ல ராணுவச் சட்டம் போட்டு உட்கார்ந்த மார்க்கோஸ், எதிர்க்கட்சித் தலைவர் நினாய் அக்கினோ 1983 ஆகஸ்ட்ல மணிலா ஏர்போர்ட்லயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் நாற்காலியை விடல, கடைசில நெருக்கடி தாங்காம திடீர் தேர்தல் அறிவிச்சாரு, எதிர்ல நின்னது நினாயோட மனைவி கோரி அக்கினோ. அங்க நாம்ஃப்ரெல்னு ஒரு அமைப்பு, 1983-ல ஆரம்பிச்சது. தலைவர் ஹோசே கொன்செப்சியோன் மாவு மில் முதலாளி, புரட்சிக்காரர்லாம் கிடையாது. சுமார் 5 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தாங்க, காலேஜ் பசங்க, இல்லத்தரசிகள், பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகள்னு.

அவங்க பார்த்த வேலையைச் சொன்னா சப்புன்னு இருக்கும். பூத்ல எண்ணி முடிச்சு எழுதுற ரிசல்ட் தாள்ல ஒரு காப்பி வாங்குறது, அதை மணிலாவுல ஒரு ஸ்கூல் ஜிம்முக்குக் கொண்டு வந்து கூட்டி, பெரிய போர்டுல எழுதிப் போடுறது, அவ்ளோதான். பெட்டியைத் தூக்க ரவுடிங்க வந்த ஊர்ல கன்னியாஸ்திரிகள் பெட்டியைச் சுத்திக் கைகோத்து நின்னாங்க. பிப்ரவரி 9 ராத்திரி இன்னொண்ணு நடந்துச்சு. தேர்தல் கமிஷன் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருந்த முப்பது சொச்சம் பேர், பெரும்பாலும் சின்னப் பொண்ணுங்க, நாம ஏத்துற கணக்கு ஒண்ணா இருக்கு, கமிஷன் போர்டுல வர்றது வேறயா இருக்கேன்னு பார்த்துட்டு, ஆளுக்கு அள்ள முடிஞ்ச பேப்பரை அள்ளிக்கிட்டு வெளிநடப்பு பண்ணி பக்லாரன் சர்ச்ல போய் தஞ்சம் புகுந்தாங்க.

நாடாளுமன்றம் மார்க்கோஸ் 15 லட்சம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார்னு அறிவிச்சது, நாம்ஃப்ரெல் போர்டுல கோரி முன்னாடி நின்னாங்க, ரெண்டாவதா ஒரு கணக்கு கையில இருந்ததால முதல் கணக்கை ஜனங்க நம்பல. 22-ம் தேதி தெருவுக்கு வந்த கூட்டம் 25-ம் தேதி மார்க்கோஸ் ஹவாய்க்கு விமானம் ஏறுற வரைக்கும் கலையல. நாம்ஃப்ரெல் ஒண்ணே கவுத்துச்சுன்னு நான் சொல்ல வரல, ராணுவத்துல ஒரு பிரிவு கட்சி மாறுச்சு, சர்ச் ரேடியோல கூப்பிட்டுச்சு, அமெரிக்கா கடைசி நேரத்துல கைகழுவுச்சு. (அதே மார்க்கோஸோட மகன் 2022-ல முறையா ஓட்டு வாங்கியே ஜனாதிபதி ஆயிட்டாரு. எண்ணிக்கையைக் காப்பாத்தலாம், யாருக்குப் போடணும்னு சொல்றது இவங்க வேலை இல்லையே.) இப்போ நாம்ஃப்ரெல் மாதிரி குழுக்கள் சேர்ந்து 1997-ல ஆரம்பிச்ச ஆன்ஃப்ரெல்ங்கிற கூட்டமைப்பு பாங்காக்ல இருந்து இயங்குது, இலங்கையோட பாஃப்ரல்கூட அதுல உண்டு.

கே: ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு சார் நீங்க எழுதுறது. இந்த அமைப்புகளுக்கெல்லாம் அமெரிக்கப் பணம் வருதா இல்லையா, நேரா பதில் சொல்லுங்க. (வேலூர் வாசகர்)

ப: நேராவே சொல்றேன், வருது. எல்லாத்துக்கும் இல்ல, பலதுக்கும் வருது. ஆசியா ஃபவுண்டேஷனை எடுத்துக்கோங்க, 1951-ல வேற பேர்ல ஆரம்பிச்சு 1954-ல இப்போ இருக்கிற பேருக்கு மாறுச்சு, லைப்ரரிக்குப் புக்கு கொடுத்தாங்க, ஸ்காலர்ஷிப் கொடுத்தாங்க, நல்ல பேர். 1967-ல பார்த்தா அதுக்கு சிஐஏ பணம் போயிட்டு இருந்தது அம்பலமாச்சு. அந்த அவமானத்துக்கு அப்புறம்தான், இனிமே ஒளிச்சுக் கொடுக்க வேணாம், வெளிப்படையா கொடுப்போம்னு ஒரு யோசனை வளர்ந்து, 1983-ல நேஷனல் எண்டோமென்ட் ஃபார் டெமாக்ரசி வந்தது, பணம் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்குறது. கட்சிக்கு ஒண்ணுன்னு ரெண்டு, தொழிற்சங்கத்துக்கு ஒண்ணு, வணிகர்களுக்கு ஒண்ணுன்னு நாலு கிளை அமைப்பு அதுக்குக் கீழ.

அதனால அந்தப் பணம் வாங்கினவன் எல்லாம் ஏஜென்ட்டான்னா, அதுவும் எனக்கு ஒப்புக்கல. பூத் ரிசல்ட் தாள் உண்மையா பொய்யான்னு பார்க்க அதை யார் காசுல ஜெராக்ஸ் எடுத்தாங்கன்னு தெரியணும்னு அவசியமில்ல. ஆனா எனக்கு இருக்கிற கவலை வேற. 2025 ஆரம்பத்துல வாஷிங்டன்ல ஆட்சி மாறி வெளிநாட்டு உதவியை நிறுத்தினதும், ஆசியாவுல எத்தனையோ சின்னச் சின்ன ஆபீஸ்ல அடுத்த மாச சம்பளமே கேள்விக்குறி ஆச்சு, அந்த எண்டோமென்ட்டே தன் பணத்துக்காக கோர்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு. சொந்த ஊர்ல நூறு ரூபா சந்தா கட்ட ஆள் சேர்க்காம, ஒரே ஒரு வெளிநாட்டு கஜானாவை நம்பி முப்பது வருஷம் ஓட்டினா அந்த கஜானா மூடுற அன்னைக்கு இவங்களும் மூடணும், அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

கே: நான் ஐடில இருக்கேன் அண்ணா. என்னை மாதிரி ஆளுங்க இதுல என்ன செய்ய முடியும்? போராட்டத்துக்கெல்லாம் லீவு கிடைக்காது. (ஓஎம்ஆர், சென்னை)

ப: லீவே வேணாம் தம்பி. 2014 ஜூலை 9, இந்தோனேசியா ஜனாதிபதி தேர்தல். ஜோகோவியும் பிரபோவோவும் ரெண்டு பேருமே அன்னைக்கே நான்தான் ஜெயிச்சேன்னு அறிவிச்சுட்டாங்க, நாடு குழம்பிப் போச்சு. அங்க தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பூத்லயும் கையால எழுதின சி1ங்கிற ரிசல்ட் தாளை ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டுச்சு, 4.7 லட்சம் பூத்துக்கு மேல, ஆனா கூட்டிப் பார்க்க ஆள் இல்ல. சிங்கப்பூர்ல வேலை பார்த்த ஐனுன் நஜீப்னு ஒரு இந்தோனேசியக்காரர், உங்களை மாதிரி ஐடி ஆளு, நண்பர்களோட சேர்ந்து காவல் பெமிலுன்னு ஒரு சைட் எழுதி, ஃபேஸ்புக்ல தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு சுமார் 700 பேரைச் சேர்த்தாரு. கோழிக் கிறுக்கலா இருக்கிற தாளைப் பார்த்து நம்பரை டைப் பண்ணணும், கூட்டல் தப்பா இருந்தா கொடி காட்டணும், இதான் வேலை. ஹேக்கர்கள் வேற தொல்லை கொடுத்தாங்க. கடைசில ஜோகோவிக்கு ஆணையம் அறிவிச்ச 53 சதவீதத்துக்கு ஒட்டித்தான் இவங்க கணக்கும் வந்துச்சு. இதுல ஆணையத்துக்கும் ஒரு சபாஷ் போடணும், தாளை நெட்ல போடலேன்னா 700 பேர் இருந்தும் என்ன பண்ணியிருப்பாங்க?

கே: பொருளாதார சுதந்திரம், பொருளாதார சுதந்திரம்னு சொல்றாங்களே, பெரிய கம்பெனிக்கு வழிவிட்டு நாம ஒதுங்கி நிக்கிறதுதானே அது? நான் ரோட்டோரம் காய்கறிக் கடை வச்சு வளர்த்த அம்மாவோட பொண்ணு, அதனால கேக்குறேன். (திருப்பூர் வாசகி)

ப: உங்க அம்மாவைப் பத்தின விஷயம்தான்மா அது, பெரிய கம்பெனி நடுவுல வந்து உட்கார்ந்துக்கிச்சு. கம்பெனிக்கு லைசென்ஸ் வாங்க வக்கீல் இருக்காரு, கணக்கர் இருக்காரு, ரோட்டுல கூடை வச்சு உட்காருறவங்களுக்கு யாரு இருக்கா? அகமதாபாத்ல இலா பட் 1972-ல சேவான்னு பெண்கள் சங்கம் பதிவு பண்ணப் போனப்ப, முதலாளியே இல்லாத உங்களுக்கு எதுக்கு யூனியன்னு தொழிலாளர் துறைல இழுத்தடிச்சாங்க. ரெண்டு வருஷத்துல, 1974-ல, 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபா போட்டு சொந்த பேங்க்கே ஆரம்பிச்சாங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவங்களுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா, அக்கவுன்ட் நம்பர் எழுதின சிலேட்டைக் கையில பிடிச்சு நிக்கிற மாதிரி போட்டோ எடுத்து, அதையே அடையாளமா வச்சுக்கிட்டாங்க. சேவாவும் தெருவோர வியாபாரிகள் அமைப்புகளும் வருஷக்கணக்கா இழுத்த இழுப்புலதான் 2014-ல தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்துல உங்க அம்மாவுக்கு வேண்டியது என்னன்னா, ஊர்ல ஒரு விற்பனைக் குழு இருக்கணும், அதுல 40 சதவீதம் பேர் வியாபாரிகளே ஓட்டுப் போட்டு அனுப்பினவங்க, அந்த 40-ல மூணுல ஒரு பங்கு பெண்கள். இடத்தைக் காலி பண்ணச் சொன்னா 30 நாள் நோட்டீஸ். சரக்கைத் தூக்கிட்டுப் போனாங்கன்னா, போய்க் கேட்டதும் கீரை, தக்காளி மாதிரி அழுகுற சரக்கை அன்னைக்கே கொடுத்துடணும், மத்ததை ரெண்டு வேலை நாள்ல. லாரியில தூக்கிப் போட்ட தக்காளியை எந்த ஊர்ல அன்னைக்கே திருப்பிக் கொடுத்தாங்கன்னு என்னைக் கேக்காதீங்க.

இன்னொண்ணு, டெல்லில சைக்கிள் ரிக்‌ஷா லைசென்ஸுக்கு 99,000னு ஒரு உச்சவரம்பு வச்சிருந்தாங்க, அதுக்கு மேல ஓட்டினா வண்டியைப் பிடிச்சுட்டுப் போய் நசுக்கிடுவாங்க, ஓட்டுறவரே ஓனராவும் இருக்கணும்னு வேற ஒரு விதி. மானுஷி அமைப்பு கேஸ் போட்டு 2010-ல ஹைகோர்ட்ல அந்த உச்சவரம்பு உடைஞ்சது. கார் வாங்க மட்டும் அப்படி ஒரு வரம்பு டெல்லில கிடையாது, கவனிச்சீங்களா.

கே: சிங்கப்பூர்ல ஓட்டு, போராட்டம்னு பெருசா ஒண்ணும் இல்லாமலே நல்லாத்தானே இருக்காங்க? அப்புறம் எதுக்கு ரெண்டும்? (புதுக்கோட்டை)

ப: இருக்காங்க. பொருளாதார சுதந்திரப் பட்டியல்ல சிங்கப்பூர் உச்சில இருக்கும், நான் இல்லேங்கல. ஆனா அதை மாடலா காட்டுறவங்க பெய்ஜிங் கதையையும் பார்க்கணும். மாவோ யூஷின்னு ஒரு பொருளாதார அறிஞர், 1993-ல நண்பர்களோட சேர்ந்து யூனிரூல்னு ஒரு சுயேச்சை ஆய்வு மையம் தொடங்கினாரு, சந்தை, தனியார் சொத்துரிமை இதைத்தான் பேசினாங்க, தேர்தலைப் பத்திக்கூட பெருசா இல்ல. 2018-ல ஊழியர்கள் உள்ள இருக்கும்போதே ஆபீஸ் கதவை வெல்டிங் வச்சு அடைச்சாங்க, 2019-ல மையத்தையே மூட வேண்டியதாச்சு. வியாபாரம் பண்ண விடுறவங்க அதைப் பத்திப் பேச விடுவாங்கன்னு ஒண்ணும் உத்தரவாதம் இல்ல.

கே: எங்க ஊரு அம்பிகாவைப் பத்தி எழுத மாட்டீங்களா? (ஈப்போ, மலேசியா)

ப: எழுதாம விடுவேனா. வக்கீல் சங்கத் தலைவரா இருந்த அம்பிகா சீனிவாசன், சுத்தமான தேர்தல் கேட்ட பெர்சே இயக்கத்தைத் தலைமை தாங்கி 2011 ஜூலை 9 கோலாலம்பூர் ஊர்வலத்தை நடத்தினப்ப, அரசாங்கம் அந்த இயக்கத்தோட மஞ்ச டீ-ஷர்ட்டையே தடை பண்ணுச்சு. அன்னைக்குக் கைது ஆனவங்க 1,600-க்கு மேல. கேட்டது என்ன, வாக்காளர் பட்டியலைச் சுத்தம் பண்ணு, விரல்ல மை வை, பிரசாரத்துக்கு 21 நாள் கொடு, இந்த மாதிரி எட்டுக் கோரிக்கை. நம்ம ஊர்ல வருஷக்கணக்கா வைக்கிற மை, அங்க 2013 தேர்தல்லதான் வந்துச்சு, அதுவும் கழுவினா போயிடுதுன்னு புகார்! 2018-ல, சுதந்திரத்துலேருந்து ஆட்சில இருந்த கூட்டணி தோத்துச்சு.

கே: நம்ம நாட்டுல என்ஜிஓக்களுக்கு வர்ற வெளிநாட்டுப் பணத்தைக் கட்டுப்படுத்துறது சரிதானே? (கோவை)

ப: கணக்குக் கேக்குறது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒரே அளவுகோலா இருக்கணும்ல. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தோட 2020 திருத்தத்துல என்ஜிஓக்கு வர்ற வெளிநாட்டுப் பணம் டெல்லில ஒரே ஒரு ஸ்டேட் பேங்க் கிளைக்குத்தான் வரணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இன்னொரு சின்ன என்ஜிஓக்குப் பிரிச்சுக் கொடுக்கவே கூடாதுன்னு ஆச்சு. சரி, கட்சிகளுக்கு? ஏடிஆர்னு ஒரு அமைப்பு, ஐஐஎம் பேராசிரியர்கள் 1999-ல தொடங்கினது, வேட்பாளர் சொத்து, கிரிமினல் கேஸ் விவரத்தை அஃபிடவிட்ல கொடுக்கணும்னு 2002-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இவங்க வழக்குல இருந்துதான். இவங்க போட்ட இன்னொரு வழக்குல, ஒரு வெளிநாட்டுக் குழுமத்தோட பணத்தை வாங்கினதுல காங்கிரஸும் பிஜேபியும் இதே சட்டத்தை மீறியிருக்குன்னு 2014-ல டெல்லி ஹைகோர்ட் சொல்லிடுச்சு. என்ன நடந்தது? 2016-லயும் 2018-லயும் சட்டத்தையே பின்தேதி போட்டுத் திருத்தி, 1976 வரைக்கும் போய் சுத்தமாக்கிட்டாங்க. எந்த என்ஜிஓக்காவது அப்படி 40 வருஷம் பின்னாடி போய் மன்னிச்சிருக்காங்களா?

கே: நாங்க அஞ்சு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஜனநாயகத்துக்காக ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கப் போறோம், நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க சார். (நாகர்கோவில்)

ப: பேரும் லோகோவும் மெதுவா பார்த்துக்கலாம். முதல்ல ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, உங்க மாநகராட்சில தெரு விற்பனைக் குழு கடைசியா என்னைக்குக் கூடுச்சு, அதோட நிகழ்ச்சிக் குறிப்பு நகல் வேணும்னு ஆர்டிஐ போடுங்க. பத்து ரூபா, பதில் வர 30 நாள். வந்ததை எனக்கு அனுப்புங்க, இதே பக்கத்துல போடுறேன்.