பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் 'கசின் பெத்' நாவலில், தன்னை ஆதரித்த குடும்பத்தையே பெத் அழித்தது நன்றிகெட்டதனம் இல்லையா?

நன்றி என்று கேட்டுவிட்டீர்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் யார் வீட்டிலும் அண்டி வாழ்ந்தவர் இல்லை என்று நினைக்கிறேன்.

'ஆதரித்தது' எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பிரான்சின் லொரைன் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் அண்ணன் தம்பி பெண்கள் இருவர். அதெலின் அழகி என்பதால் வீட்டில் சீராட்டு, லிஸ்பெத்துக்கு, அதாவது நம் பெத்துக்கு, வயல் வேலை. அதெலின் பரோன் யூலோவைக் கட்டிக்கொண்ட பிறகு இவளையும் பாரிசுக்கு வரவழைத்து ஜரிகைப் பின்னல் வேலை கற்க வைக்கிறார்கள். அதன்பின் அவள் பிழைப்பு அவள் கையில்தான். சொந்தக்காரர் வீடுகளில் முறை வைத்துச் சாப்பாடு, கழித்த துணி. அந்தத் துணியையும் அவள் வெட்டித் தைத்துத் தன் இஷ்டத்துக்கு விகாரமாக்கிக்கொள்வாள். படிப்பவர்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா போனபின் நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். பெரியம்மா நல்லவர், அதைச் சொல்லிவிடுகிறேன். அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, பள்ளிக்கூடப் பணமும் கட்டினார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை எப்படிக் கூட்டி வந்தார்கள், அப்போது எப்படி மெலிந்திருந்தேன், தலையில் எவ்வளவு பேன் என்ற கதை ஓடும். அந்தக் கதை ஓடும்போது காபி டம்ளரோடு நிற்பது நான்தான். வந்தவர்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, 'பெரியம்மாவை மறந்துடாதே' என்பார்கள். அக்காவின் பழைய தாவணிகளைத்தான் கட்டினேன். ஒருமுறை ஒரு தாவணியின் ஓரத்தை வேண்டுமென்றே கோணலாக மடித்துத் தைத்தேன். ஏன் என்று கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை. பல வருடம் கழித்து பெத்தின் தொப்பிகளைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யார் வீட்டையும் நான் கவிழ்க்கவில்லை, அக்காவும் நானும் இன்றும் பேசிக்கொள்கிறோம், ஆகவே அந்த வழியில் யாரும் வர வேண்டாம்.

(நடுவில் ஒன்று. பழைய நாவல்களுக்கு முன்னுரை எழுதுபவர்கள் யார் சாகிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்று முதல் நான்கு பக்கத்திலேயே போட்டு உடைப்பதை எப்போது நிறுத்துவார்கள்? அதைப் பின்னுரையாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்பதால்தான் நான் கதையைச் சொல்கிறேன்.)

சரி, பெத். தற்கொலைக்கு முயன்ற போலந்துச் சிற்பி வென்செஸ்லாஸைக் காப்பாற்றி, தன் சேமிப்பைக் கொட்டி அவனை ஆளாக்குகிறாள். 'உன் காதலன் எங்கே' என்று வீட்டில் கேலி. அதெலினின் மகள் ஒர்தான்ஸ் விளையாட்டாக விசாரிக்கத் தொடங்கி, கடைசியில் அவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள். ஏழைக்கு இருந்த ஒரே பொருளையும் பணக்கார வீட்டுப் பெண் எடுத்துக்கொண்டாள், அதைக் குடும்பமே ஒளித்து வைத்தது. இதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

அவள் செய்ததெல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. யூலோவின் ஆசைநாயகி வலேரி மார்னெஃபோடு கூட்டுச் சேர்ந்து ஒர்தான்ஸின் கணவனை அந்த வலேரியிடம் சிக்கவைத்தது கொடுமை. ஆனால் யூலோ குடும்பத்தை அழித்தது யூலோதான். 1838-இல் கதை தொடங்கும்போதே பாடகி ஜோசஃபாவுக்குச் செலவழித்து அவர் கை காலி, மகளுக்குச் சீதனம் கொடுக்க வழியில்லை. பெத் அப்போது பழிவாங்க நினைக்கவே இல்லை. அல்ஜீரியாவில் அரசாங்கப் பணத்தில் கைவைக்க வழி செய்ததும் அவர்தான். அதற்காக அவர் அங்கே அனுப்பி, அதில் மாட்டி உயிரை விட்டவர் அதெலினுக்கு மட்டுமல்ல, பெத்துக்கும் சித்தப்பா. அந்த அவமானத்தில் யூலோவின் அண்ணன் மார்ஷல் இறந்துபோகிறார். பெத் கட்டிக்கொள்ள இருந்தது அவரைத்தான்! அவளையும் சேர்த்தேதான் அந்த மனிதர் கவிழ்த்தார். எங்கள் வாசகர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், 'ஆம்பளைன்னா சபலம் இருக்கத்தான் செய்யும், பெத்துக்கு இருந்தது விஷம்' என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு நான் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை.

பால்சாக் 1846-இல் பத்திரிகைத் தொடராக இதை எழுதும்போது, பெத்தில் தன் தாயின் சாயலும் உண்டு என்று தன் காதலி மேடம் ஹான்ஸ்காவுக்குக் கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அம்மா மேல் அவருக்கு இருந்த கசப்பு தெரிந்ததுதான். அப்படியும் அவர் பெத்தைச் சாகடித்த பிறகும் கதையை நிறுத்தவில்லை. காசநோயில் அவள் சாகும்போது குடும்பமே சுற்றி நின்று, வீட்டுத் தேவதை என்று அழுகிறது. அதற்கப்புறம்தான் யூலோ ராத்திரியில் சமையல்காரப் பெண்ணின் அறைக்குப் போய், என் மனைவி அதிக நாள் இருக்க மாட்டாள், நீ பரோன் மனைவி ஆகலாம் என்கிறார். அதைக் காதால் கேட்ட அதெலின் மூன்றே நாளில் போய்விடுகிறாள். அவர் சொன்னபடியே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறார்.

எல்லாம் பெத்தின் வேலை என்று பின்னூட்டத்தில் எழுத வருபவர்கள், இந்தக் கடைசிக் காட்சியில் அவள் எங்கே இருக்கிறாள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.