டீச்சரிடம் கேளுங்கள்: ‘லைன்’ பிடித்துப் போவோம்

போன இதழில் ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதன் பிறகு சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்கு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். காலையில் மார்க்கெட்டுக்குப் போனால் மீன் கடையிலும் அதே பேச்சு. அதனால் இந்த மாதம் மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, முழுப் பகுதியையும் இந்த ஒரு சொல்லுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் மகள் புகுமுக வகுப்பில் படிக்கிறாள். அகராதியில் ‘லைன்’ என்று தேடினால் கோடு, கயிறு, வரிசை, வம்சம், வசனம், தொழில் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணச் சொல்லவா? (ஒரு தாய், தாப்பா)

பதில்: வேண்டாம் அம்மா. பாவம் பிள்ளை. அகராதியில் நம்பர் போட்டு அடுக்கியிருப்பதைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள். அது முப்பது சொல் இல்லை, ஒரே சொல். அதன் ஆரம்பம் ஒரு நூல்.

லத்தீன் மொழியில் ‘லீனும்’ என்றால் ஆளிச்செடி. இப்போது உடம்புக்கு நல்லது என்று கடையில் வாங்குகிறோமே ஆளிவிதை, அந்தச் செடிதான். அதன் தண்டிலிருந்து நார் எடுத்துத் திரித்த நூலை ‘லீனியா’ என்றார்கள். ‘லைன்’ அங்கிருந்து வந்தது. ‘லினன்’ துணியும் அதே குடும்பம். சட்டைக்கு மேல் போடும் ‘கோட்’டுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணியை ‘லைனிங்’ என்கிறோம். முன்பு அதற்கு லினன் துணியைத்தான் வைத்தார்கள், அதனால் அந்தப் பெயர்.

இனி மகளோடு உட்கார்ந்து அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போங்கள். முதலில் நூலாகவும் கயிறாகவும் இருக்கிற லைன்: துணி காயப்போடும் கொடி, தூண்டில் நூல், அப்புறம் தந்திக் கம்பி, டெலிபோன் கம்பி. அடுத்து, நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும் இல்லையா? அதிலிருந்து கோடு. நோட்டுப் புத்தகக் கோடு, நாட்டு எல்லை, முகத்துச் சுருக்கம், கைரேகை, பாட்டின் ஒரு அடி, நாடகத்தில் ஒருவர் பேச வேண்டிய வசனம். அதற்கும் அடுத்தது, ஒன்றன்பின் ஒன்றாக வருவது. ஆட்கள் நிற்கும் வரிசை, பாட்டன் தகப்பன் மகன் என்று இறங்கும் வம்சம், தொழிற்சாலையில் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும் வேலை. இந்த மூன்று படி தெரிந்துவிட்டால் புதிதாக ஒன்று எதிரே வந்தாலும் எந்தப் படியைச் சேர்ந்தது என்று பிள்ளையே ஊகித்துவிடும். ‘உன் லைன் என்ன?’ என்று ஒருவர் தொழிலைக் கேட்டாலும், இவர் எந்த வழியில் போகிறார் என்றுதான் கேட்கிறார்.

தமிழ்ப் பிள்ளைக்கு இது இன்னும் சுலபம். நம்மிடமும் நூல் என்றால் தைக்கிற நூல், தச்சர் மரத்தில் பிடிக்கிற நூல், படிக்கிற நூல் மூன்றும்தானே? நன்னூலில் பவணந்தி முனிவர் இதைச் சொல்லியிருக்கிறார். மரத்தின் கோணலைத் தச்சன் நூல் தீர்ப்பதுபோல, மனிதர் மனக்கோணலைத் தீர்ப்பது நூலின் சிறப்பு என்கிறார். இந்தப் பாட்டை மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்புறம் ஆங்கில அகராதியைத் திறக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொன்று. ‘லைன்’ என்பதைத் தனியாக எழுதிப் படிக்க வேண்டாம். எந்த வினையோடு வருகிறதோ அதோடு சேர்த்தே எழுதட்டும். ‘டிரா தி லைன்’ என்றால் இதற்குமேல் விடமாட்டேன் என்று வரம்பு வைப்பது. ‘கிராஸ் தி லைன்’ அந்த வரம்பை மீறுவது. ‘லேர்ன் யுவர் லைன்ஸ்’ நாடகக்காரரிடம் சொல்வது. ‘டிராப் மீ எ லைன்’ என்றால் எனக்கு ரெண்டு வரி எழுதிப் போடு. பொருளைத் தீர்மானிப்பது பக்கத்தில் இருக்கும் சொல்தான்.

கேள்வி: என் பாட்டி எப்போதும் ‘லயம்’ என்பார். ‘மேட்டு லயத்தில் பிறந்தவன்’ என்று என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்வார். அது ‘லைன்’ என்பதன் தப்பான உச்சரிப்பு, அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் திருத்தினேன். பாட்டிக்கு வருத்தம். நான் செய்தது சரிதானே? (கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: சரியில்லை தம்பி. பாட்டியிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

இந்தியாவில் பிரிட்டிஷ் பட்டாளம் முகாம் போட்ட இடங்களில் சிப்பாய்களின் குடிசைகளை வரிசை வரிசையாகக் கட்டினார்கள். அந்த வரிசைகளுக்கு ‘லைன்ஸ்’ என்று பெயர். டில்லியில் வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்த பகுதிக்கு இன்றைக்கும் ‘சிவில் லைன்ஸ்’ என்றுதான் பெயர். அதே பழக்கத்தோடுதான் இங்கே மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகளையும் ‘லைன்ஸ்’ என்றார்கள். ஆக, பாட்டி சொல்வது அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உள்ள நிஜமான பொருள்களில் ஒன்று. நம் சனம் அதை எடுத்துத் தமிழ் வாய்க்கு ஏற்றபடி கடைசியில் ‘அம்’ சேர்த்து ‘லயம்’ ஆக்கிக்கொண்டது. ‘பரேட்’ என்பதைப் ‘பிரட்டு’ ஆக்கியதும் இதே சனம்தான். விடியுமுன் ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

நானும் லயத்தில் வளர்ந்தவள். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே பல வாசல். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. எங்கள் வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். இந்தப் பக்கம் நான் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன், அந்தப் பக்கத்திலிருந்து ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு வந்து படுத்திருக்கும் மாமா, ‘இன்னொரு தரம் படி’ என்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சத்தம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இப்படி வாழ்ந்த இடத்தின் பெயரைத் திருத்த வேண்டிய பிழை என்று சொன்னால் பாட்டிக்கு வலிக்காதா?

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயமும் இருக்கிறது. வீட்டு வரிசைக்கு ஆங்கிலச் சொல்லை வாங்கிய அதே மக்கள், பால்மர வரிசைக்கு வாங்கவில்லை. மரத்துக்கு ‘நிரை’ என்றே சொன்னார்கள், பேச்சில் ‘நெரை’. ‘எனக்கு இன்னைக்கு எந்த நெரை?’ என்று கங்காணியிடம் கேட்பார்கள். நிரை என்பது சங்கப் பாட்டில் இருக்கிற சொல். துரை கட்டிக்கொடுத்த வரிசைக்குத் துரையின் சொல், தங்கள் கையால் வெட்டிய வரிசைக்குத் தங்கள் சொல். பாட்டி இருக்கும்போதே இந்த மாதிரிச் சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள் தம்பி. லயங்களை இடித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டுவிட்டார்கள். சொல்லாவது மிஞ்சட்டும்.

கேள்வி: ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது இளைஞர்கள், போலீஸ் இல்லை, அப்பா வீட்டில் இல்லை என்பதற்கெல்லாம் ‘லைன் கிளியர்’ என்கிறார்கள். இது எங்கள் சொல் அல்லவா? (ஓர் அன்பர், ஈப்போ)

பதில்: உங்கள் சொல்லேதான் ஐயா. வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில் எதிரெதிரே வந்துவிடக் கூடாது. அதனால் ஒரு நிலைய அதிகாரி ரயிலை அனுப்புமுன் அடுத்த நிலையத்தைக் கேட்பார்: பாதை காலியா? அங்கிருந்து ‘லைன் கிளியர்’ என்று பதில் வந்தால்தான் வண்டி கிளம்பும். அதற்கு அத்தாட்சியாக, பெரிய வளையத்தில் பையோடு மாட்டிய ஓர் உலோகச் சாவியை ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். ஓடுகிற வண்டியிலிருந்தே கையை நீட்டி அதை வாங்குவதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் புக்கிட் தீமா நிலையம் 2011இல் மூடப்படும் வரை அங்கே அந்த வளையம் கை மாறியது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை இரட்டைத் தண்டவாளமும் மின்சாரமும் வந்துவிட்டன, இப்போது நம் பக்கம் மின்ரயில் ஓடுகிறது. வளையம் போய்விட்டது, சொல் நிற்கிறது. பினாங்கில் ஒரு நாசி கண்டார் (சோறும் கறியும்) கடைக்கே அந்தப் பெயர் உண்டு. ஆனால் இந்தப் பேச்சுவழக்கு இங்கே மலேசியாவிலும் இந்தியாவிலும் புரியும், எல்லா நாட்டிலும் புரியாது. இங்கிலாந்துக்காரர் இதே கருத்துக்கு ‘தி கோஸ்ட் இஸ் கிளியர்’ என்பார்.

கேள்வி: வாடிக்கையாளர் சேவையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ‘சாரி, ஐ காட் நோ லைன்’ என்று சொன்னதற்கு வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் புரியவில்லை. என்ன தவறு? (ஒரு சகோதரி, கோலகங்சார்)

பதில்: மலாயில் ‘லைன் தாக் அடா’, தமிழில் ‘லைன் இல்ல’. செம்பனைக் காட்டுக்குள் போனால் நாம் எல்லாரும் சொல்வது இதுதான். இங்கே யாருக்கும் புரியும், அதனால் இங்கே பேசும்போது வெட்கப்பட வேண்டாம். வெளிநாட்டாரிடம் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று சொல்லுங்கள். பேசும்போது கரகரவென்று கேட்டால் ‘தி லைன் இஸ் பேட்’, அது சரி. ‘ஹோல்ட் தி லைன்’ என்றால் போனை வைத்துவிடாமல் காத்திருங்கள் என்று அர்த்தம். போர்ச் செய்தியில் அதே மூன்று சொல் வந்தால், அணி கலையாமல் நின்று எதிரியைத் தடுப்பது.

கேள்வி: ‘டெட்லைன்’ என்பதில் ஏன் சாவு வருகிறது? (ஐந்தாம் படிவ மாணவி, பீடோர்)

பதில்: நிஜமாகவே சாவு இருந்ததால்தான் மா. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் தென்பகுதிப் படை ஒரு கைதி முகாம் வைத்தது. சுற்றிலும் உயரமான மரச்சுவர். அந்தச் சுவருக்குச் சுமார் 19 அடி உள்ளே தள்ளி, தாழ்வான ஒரு கட்டை வேலி. அந்த வேலியைத் தொட்டாலோ தாண்டினாலோ மேலே நிற்கும் காவலர் சுடலாம். அதற்குப் பெயர் ‘டெட் லைன்’. சுமார் 45,000 கைதிகள் அடைபட்ட அந்த முகாமில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நோயிலும் பட்டினியிலும். முகாமின் தலைவர் ஹென்றி விர்ஸ் 1865இல் தூக்கிலிடப்பட்டார். நேரக் கெடு என்ற இன்றைய பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் வழக்குக்கு வந்தது. எஸ்.பி.எம். தேர்வுக் கட்டுரையில் இந்தச் சொல்லைத் தாராளமாக எழுதலாம், ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து எழுதுங்கள்.

கேள்வி: ரஜூலா கப்பலை ‘லைனர்’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். கப்பலுக்கும் கோட்டுக்கும் என்ன உறவு? (மூத்த வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: ஒரே வழித்தடத்தில், குறித்த நாளில், போய்ப் போய் வருகிற கப்பல் சேவைக்கு ‘லைன்’ என்று பெயர். அதில் ஓடுகிற கப்பல் ‘லைனர்’. கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு கிடைத்த துறைமுகத்துக்குப் போகும் கப்பல் லைனர் ஆகாது. 1926இல் கட்டிய ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டு ஓடியது. நம்மில் எத்தனையோ குடும்பம் அதில் வந்து இறங்கியதுதான். பின்னால் விமானம் வந்தபோது, கப்பல்காரர் சொல்லை வாங்கி ‘ஏர்லைன்’ என்றார்கள்.

கேள்வி: ஒரு பெண்ணை ஒருவன் சுற்றிச் சுற்றி வருவதை ‘லைன் அடிக்கிறான்’ என்கிறோமே, ஆங்கிலத்தில் அப்படியே சொல்லலாமா? (இளைஞர், பாரிட் புந்தார்)

பதில்: கூடாது. அது நாமே உண்டாக்கிக்கொண்டது, ஆங்கிலேயருக்குப் புரியாது.

கேள்வி: ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் உள்ள சொல் இதுதானா? (அதே இளைஞர்)

பதில்: இல்லை. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள் போட்டிருந்தார்கள். பிறகு திருத்திய பதிப்பில் ‘ரன்’ அதை முந்திவிட்டது, 645 பொருள். அந்த ஒரு வினையை முடிக்க அகராதிக்காரர் ஒருவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஓர் ஆங்கிலேயரே ஒரு சொல்லோடு அவ்வளவு நாள் உட்கார்ந்திருக்கிறார் என்றால், நம் பிள்ளைகள் தடுமாறுவதற்குத் திட்ட வேண்டியதில்லை.

கேள்வி: ‘டோ தி லைன்’ என்பதில் ‘டோ’ கால்விரலா, வண்டியை இழுத்துப் போவதா? என் மேலாளர் இழுப்பது என்றே எழுதுகிறார். (அலுவலக உதவியாளர், தைப்பிங்)

பதில்: கால்விரல்தான். கோட்டில் விரல் நுனி படும்படி எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பது, அதாவது மேலிடம் சொன்னதற்குக் கட்டுப்படுவது. மேலாளரிடம் எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். அடுத்த கடிதத்தைத் தட்டச்சு செய்யும்போது சரியான எழுத்தைப் போட்டு, ‘இப்படித்தானே வரும் சார்?’ என்று தனியாகக் காட்டுங்கள்.