மூணாவது டிவிஷன்ல போட்டுட்டாங்க அண்ணே: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஃபுட்டி பத்திதான், அதாவது ஆஸ்திரேலியன் ரூல்ஸ். தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: நீள்வட்ட மைதானம், நீள்வட்ட பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர், நடு ரெண்டு கம்பத்துக்குள்ள உதைச்சா 6 பாயின்ட், ஓரக் கம்பத்துப் பக்கம் போனா 1 பாயின்ட். பெரிய லீக்ல நடுக்களத்துல ஆடறவங்க ஒரு மேட்ச்ல 12-லிருந்து 15 கிலோமீட்டர் வரை ஓடுவாங்க. இனி கேள்விக்குப் போவோம்.

கேள்வி (மெல்போர்ன், கிரான்போர்ன் வாசகர்): அண்ணே, பையனுக்கு 12 வயசு, டிசம்பர்ல பொறந்தவன். ஆஸ்கிக் (சின்னப் பசங்களுக்கான ஃபுட்டி பயிற்சி) காலத்துல இருந்தே ஆடறான். இந்த வருஷம் கிரேடிங்ல (திறமை பார்த்து டீம் பிரிக்கிறது) மூணாவது டிவிஷன் டீம்ல போட்டுட்டாங்க, கூட ஆடுன பசங்க எல்லாம் முதல் டிவிஷன். மேட்ச்ல ஃபார்வர்ட் பாக்கெட்ல, அதாவது கோல் பக்கத்து மூலைல, ஓரமா நிக்க வெச்சிடறாங்க, பந்தே வர்றதில்ல. டியூஷன்லயாவது சேர்த்துவிடுங்கன்னு வீட்ல சொல்றாங்க. இன்னும் எவ்வளவு நாள் பொறுக்கறது?

பதில்: தம்பி, நீங்க போகிற போக்குல டிசம்பர்னு எழுதியிருக்கீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. இங்க ஜூனியர் ஃபுட்டில வயசுக் கணக்கு ஜனவரி 1-ல இருந்துதான். அப்போ ஜனவரில பொறந்த பையனும் உங்க பையனும் ஒரே டீம், ஆனா நடுவுல 11 மாசம் இருக்கு. நமக்கு 40 வயசுல 11 மாசம் ஒண்ணுமில்ல, 12 வயசுல அது ஒரு தலை உயரம். ஒருத்தனுக்குக் குரல் உடைஞ்சு மீசை அரும்பியிருக்கும், இன்னொருத்தன் இன்னும் பால்முகமா இருப்பான், ரெண்டு பேரையும் ஒரே பந்துக்கு முட்ட விடறோம்.

கோச்சும் பாவம், ஜெயிக்கணும்னு பெரிய பையனை நடுவுல போடுவார். அவன் கைக்கு ஒரு மேட்ச்ல 20 தடவை பந்து வரும், ஓரத்துல நிக்கிறவனுக்கு ரெண்டு தடவை வந்தா அதிகம். இப்படியே 3 சீசன் போனா பெரியவன் ஆட்டம் கத்துக்கிட்டிருப்பான், சின்னவன் நிக்கக் கத்துக்கிட்டிருப்பான், நாம வந்து அவனுக்குத் திறமை இருக்கு இவனுக்கு இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் உண்டு. 6 வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல வெள்ளை கோட்டு மாட்டிக்கிட்டு கோல் அம்பயரா நிக்கிறேன், வருஷா வருஷம் இதையே பார்க்கறேன்.

மெல்போர்ன் டீம் கேப்டன் மேக்ஸ் கான் பொறந்தது 1991 டிசம்பர் 30. ரெண்டு நாள் தள்ளிப் பொறந்திருந்தா அடுத்த வருஷப் பசங்களோட சேர்ந்திருப்பார், அவர் வந்த 2009 டிராஃப்ட்ல (பெரிய கிளப்புங்க புதுப் பசங்களை வரிசையா எடுக்கிற தேர்வு) அவரை விடச் சின்னவங்களைத் தேடித்தான் பிடிக்கணும். அவர் கதை கீழ வருது.

அதனால டிவிஷனைப் பார்க்காதீங்க. மூணாவது டிவிஷன்ல ஒரு நல்ல விஷயம் இருக்கு, அங்க உங்க பையனுக்குப் பந்து வரும், வர வைக்கலாம். கோச்கிட்ட தனியாப் போய் மரியாதையா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: ஒவ்வொரு மேட்ச்லயும் ஒரு குவார்ட்டராவது (ஆட்டத்துல நாலுல ஒரு பகுதி) நடுவுல விடுவீங்களா? நல்ல கோச்சா இருந்தா கேட்டுக்குவார்.

அப்புறம் அவன் உதைக்கிறதைக் கிட்டப் போய்ப் பாருங்க. டிராப் பன்ட், அதாவது ஃபுட்டில வழக்கமா உதைக்கிற உதை, உதைக்கும்போது பந்தைக் கைல நிமித்திப் பிடிக்கணும், அந்தக் கை அதைத் தூக்கிப் போடக் கூடாது, அப்படியே கீழ விடணும், பந்து சாயாம இறங்கி அதோட கீழ் நுனி பூட்ஸ் மேல லேஸ் கட்டுற இடத்துல பட்டா பின்பக்கமாச் சுழன்டுக்கிட்டு நேராப் போகும். சின்னப் பசங்க பயத்துல பந்தை மேல தூக்கிப் போட்டு உதைப்பாங்க, அது காத்துல கோணிக்கிட்டுப் போகும். எங்க டீம்ல ஒரு பையன், ரொம்பச் சின்னதா இருப்பான், ஒரு சீசன் முழுக்க 10 மீட்டர் தாண்டல, ஆனா ஆகஸ்ட் மாசம் ஒரு மழை நாள்ல சேத்துல நின்னுக்கிட்டு இடது கையை விலக்கி வலது கையால மட்டும் பந்தைக் கீழ இறக்கினான், நான் கோல் லைன்ல நின்னு பார்த்தேன், பந்து அசையாம இறங்கிச்சு. 15 மீட்டர்தான் போச்சு, பாயின்ட் எதுவும் கிடையாது, கைதட்டுனவங்க அவன் அம்மாவும் நானும் மட்டும்தான். மூணு வருஷம் கழிச்சு உயரம் வந்தப்போ அதே உதை 40 மீட்டர் போச்சு. அந்த மழை நாளை யாரும் எந்தக் கணக்குலயும் எழுதி வெக்கல.

இன்னொண்ணு, நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க. என் மூத்தவனை மேட்ச் முடிஞ்சு கார்ல ஏத்தின உடனே ஆரம்பிச்சிடுவேன், ஏன் அந்தப் பந்தை விட்ட, ஏன் ஹேண்ட்பால் (பந்தைக் கையால குத்தித் தள்ளறது) குடுக்கல, ஏன் டேக்கிளுக்குப் போகலன்னு. 20 நிமிஷ டிரைவ். கொஞ்ச நாள்ல அவன் முன் சீட்ல உட்கார்றதை நிறுத்திட்டான். எனக்கு அது புரியவே ஒரு வருஷம் ஆச்சு. இப்போ சின்னவனை ஏத்தினா பசிக்குதான்னு மட்டும் கேட்கறேன், அவனா பேசினா கேட்டுக்கறேன், நிறையவே பேசறான்.

டியூஷன் விஷயம் உங்க வீட்டு முடிவு. வியாழக்கிழமை பிராக்டிஸுக்கு அவனே பையை எடுத்துட்டு வாசல்ல நிக்கிறான்னா விடாதீங்க. நாலு வாரமா நீங்கதான் கிளப்பி விடறீங்கன்னா அவன்கிட்ட உட்கார்ந்து பேசுங்க. முழங்காலுக்குக் கீழ எலும்புல வலின்னு சொன்னா மட்டும் உடனே பிசியோகிட்ட காட்டுங்க, எலும்பு வேகமா வளர்ற வயசுல அந்த இடத்துல இழுவை அதிகமா இருக்கும், சோம்பேறித்தனம்னு நினைச்சு ஓட வைக்காதீங்க.

கேள்வி (டாண்டினாங் வாசகர்): நான் எந்த டீமுன்னு சொல்லல, ஆனா எங்க கிளப் டிராஃப்ட்ல முதல் பிக்ல, அதாவது முதல் ஆளா, எடுத்த பையன் 2 வருஷமா சொதப்பறான். இவனுக்குப் போய் முதல் பிக்கான்னு ரத்தம் கொதிக்குது. கிளப் ஏமாந்துடுச்சா, இல்ல நான்தான் அவசரப்படறேனா?

பதில்: உங்க கோபம் புரியுது, நானும் மெல்போர்ன் டீம் ஆளு, இதுல அடிபட்டவன். முதல்ல டிராஃப்ட் எப்படி நடக்குதுன்னு பாருங்க. கடைசி இடத்துல வந்த டீமுக்குத்தான் முதல் பிக். அதாவது நாட்டுலயே பெரிய பேர் வாங்கின 18 வயசுப் பையன் நாட்டுலயே மோசமா ஆடற டீமுக்குப் போறான். அங்க சொல்லித்தர நல்ல சீனியர் ஆளு கம்மி, அவனுக்கு முன்னாடி நின்னு அடி வாங்க ஆளு கம்மி, ஆனா தோத்துத் தோத்து வெறுத்துப்போன ரசிகர் கூட்டம் மட்டும் நிறைய. 40-வது பிக்ல ஒருத்தன் நல்ல டீமுக்குப் போனா ரெண்டு வருஷம் இரண்டாம் நிலை லீக்ல சத்தமில்லாம ஆடி உடம்பு தேறி வருவான். யார் தோளுக்குப் பலம் கம்மியோ அவன் மேலயே பாரத்தை ஏத்தற ஏற்பாடு இது, டிராஃப்ட் டீம்களைச் சமமாக்கத்தான் வந்துச்சு, அதுல தப்பில்ல, ஆனா பையனுக்கு என்ன ஆகுதுன்னு யோசிக்கணும்.

ஜாக் வாட்ஸ் ஞாபகம் இருக்கா? 2008 டிராஃப்ட்ல முதல் பிக், மெல்போர்ன். அப்போ வயசு 17. அடுத்த வருஷம் ஸ்கூல்ல பன்னிரண்டாவது படிச்சுக்கிட்டே இருந்தவரை ஜூன்ல மகாராணி பிறந்தநாள் மேட்ச்ல எம்சிஜில காலிங்வுட்டுக்கு எதிரா முதல் மேட்ச் ஆட விட்டாங்க. முதல் தடவை பந்து கைக்கு வந்ததும் காலிங்வுட் ஆளுங்க சேர்ந்து அமுக்கிட்டாங்க. ஒல்லி உடம்பு, எதிர்ல வளர்ந்த ஆம்பளைங்க. நான் அன்னிக்கு மேல் ஸ்டாண்ட்ல இருந்தேன், சுத்தி இருந்தவங்க சிரிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் அவர் எவ்வளவு நல்லா ஆடினாலும் அடுத்த பிக்ல வெஸ்ட் கோஸ்ட் எடுத்த நிக் நைட்டனூயியைக் காட்டியே பேசினாங்க. வாட்ஸ் மொத்தம் 174 மேட்ச் ஆடினார், கடைசில போர்ட் அடிலெய்டுக்கு மாத்தினாங்க, 2019-ல ஓய்வு. 174 மேட்ச் சாதாரணமா? டிராஃப்ட்ல வர்ற பசங்கள்ல பல பேர் 50 கூட தாண்ட மாட்டாங்க. ஆனா பேச்சு என்னமோ ஏமாத்திட்டான்னுதான்.

அடுத்த வருஷம், 2009, அதே கிளப்புக்கு முதல் ரெண்டு பிக்கும் கிடைச்சுது. டாம் ஸ்கல்லி, ஜாக் ட்ரெங்கோவ். ஸ்கல்லி ரெண்டே வருஷத்துல புது டீம் ஜிடபிள்யூஎஸ்-க்குப் போயிட்டார். ட்ரெங்கோவை 2012-ல 20 வயசுல இணை கேப்டனாக்கினாங்க, லீக் வரலாற்றுலயே அவ்வளவு சின்ன வயசுல யாரும் கேப்டன் ஆனதில்ல. பையன் மேல நம்பிக்கைன்னு அப்போ நாங்களும் கைதட்டினோம். 2013-ல 22 மேட்ச்ல ரெண்டுதான் ஜெயிச்சோம். அப்புறம் அவருக்குப் பாதத்துல எலும்பு முறிவு, வருஷக்கணக்கா உட்கார்ந்துட்டார். 20 வயசுப் பையன் ஒரு உடைஞ்ச கிளப்பைத் தூக்கி நிறுத்தணும்னு எதிர்பார்த்தோம், இப்போ நினைச்சா வெக்கமா இருக்கு.

அதே டிராஃப்ட்ல, அதே கிளப், 34-வது பிக்ல எடுத்தது மேக்ஸ் கான். 2 மீட்டருக்கு மேல உயரம், ரக்மேன், அதாவது நடுவர் பந்தை மேல போடும்போது எகிறித் தட்டி விடற ஆளு. முழங்கால் தசைநார் ரெண்டு தடவை அறுந்து போச்சு. 2011-லதான் முதல் மேட்ச். நடுவுல இரண்டாம் நிலை லீக்ல கேசி டீமுக்காக இந்தக் கிரான்போர்ன் பக்கத்து கேசி ஃபீல்ட்ஸ்ல, அந்தக் காத்துல, ஆளில்லாத மேட்ச் எல்லாம் ஆடினார். முதல் தடவையா ஆல் ஆஸ்திரேலியன் டீம்ல (லீக்ல அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரங்க பட்டியல்) வந்தது 2016. எண்ணிப் பாருங்க, எடுத்து ஏழாவது சீசன். 2021 கடைசி ரவுண்டுல ஜீலாங்குக்கு எதிரா 44 பாயின்ட் பின்னாடி இருந்து துரத்தி, சைரன் அடிச்ச பிறகு அவர் உதைச்ச கோல்லதான் பாயின்ட் டேபிள்ல முதல் இடம் வந்துச்சு. அந்த வருஷம் பெர்த்ல ஃபைனல், 57 வருஷம் கழிச்சு கோப்பை, தூக்கினது கேப்டன் கான்.

அவரும் அதே மோசமான கிளப்லதான் வளர்ந்தார், கவனிங்க. ஆனா 34-வது பிக்கை யாரும் பேப்பர்ல தினம் கேள்வி கேட்கல. காயத்துல கிடந்த காலம் அவருக்குக் கெட்ட காலம்தான், அதே நேரம் ஆற அமர வளர்றதுக்கு இடமும் கிடைச்சுது. ஸ்கல்லி, ட்ரெங்கோவ், வாட்ஸ் மூணு பேருக்கும் அந்த இடமே கிடைக்கல.

உங்க கிளப் எடுத்த பையன் விஷயத்துக்கு வருவோம். அவன் ரக்மேனா, உயரமான ஃபார்வர்டா, டிஃபெண்டரா? அப்படின்னா 2 வருஷம்ங்கறது ஒண்ணுமேயில்ல, 4, 5 வருஷம் குடுங்க, அந்த இடங்கள்ல 100 கிலோ ஆளோட முட்டி நின்னு மார்க் பிடிக்கணும் (உதைச்சு வர்ற பந்தைக் கீழ விழாம பிடிக்கிறது), 19 வயசு இடுப்பு அதுக்குத் தாங்காது. நடுக்களத்துப் பையன்னா 3-வது வருஷம் ஏதாவது தெரியணும். அவன் எடுத்த பந்து எண்ணிக்கையைப் பார்க்காதீங்க, மூணாவது குவார்ட்டர்ல களைச்ச பிறகும் திரும்பி ஓடி வர்றானா பாருங்க. வர்றான்னா கிளப் ஏமாறல.

கேள்வி (அதே ஊர், இன்னொரு வாசகர்): காலிங்வுட் டீம் நிக் டெய்கோஸ் முதல் வருஷமே கலக்கினாரே?

பதில்: ஆமா, 2021-ல 4-வது பிக், 2022-லயே சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருது. அப்பா பீட்டர் டெய்கோஸ் காலிங்வுட்ல பெரிய ஆட்டக்காரர், பந்தோடயே வளர்ந்த வீடு, மகன் ஆடறதும் உயரம் தேவைப்படற இடமில்ல. அப்படி ஒருத்தர் வர்றது கண்ணுக்கு விருந்து. அதை அளவுகோலா வெச்சு மத்த பசங்களை அளக்காதீங்க.

கேள்வி (அடிலெய்டு வாசகி): பொண்ணுக்கு 16 வயசு, இதுவரை பாஸ்கெட்பால் மட்டும்தான். இப்போ ஃபுட்டி ஆடணும்ங்கறா. லேட் ஆயிடுச்சான்னு கேட்கறா, எனக்குச் சொல்லத் தெரியல.

பதில்: அம்மா, உங்க ஊர்லயே பதில் இருக்கு. எரின் ஃபிலிப்ஸ் சின்ன வயசுல பசங்களோட ஃபுட்டி ஆடினவங்க, 13 வயசுக்கு மேல பொண்ணுங்களுக்கு வழியில்லன்னு நிறுத்த வேண்டியதாப் போச்சு. பாஸ்கெட்பாலுக்குப் போய் 2008 ஒலிம்பிக்ல வெள்ளி, அமெரிக்க லீக்ல ரெண்டு கோப்பை. 2017-ல பெண்கள் லீக் ஆரம்பிச்சப்போ 31 வயசு. அந்த முதல் சீசனோட சிறந்த வீராங்கனை அவங்கதான், 2019-லயும் அவங்கதான். அந்த 2019 ஃபைனலுக்கு அடிலெய்டு ஓவல்ல 53,034 பேர். 16 வயசு லேட்டே இல்ல, குதிச்சுப் பந்து பிடிக்கிறது அவளுக்கு ஏற்கனவே வரும், உதைக்கத்தான் பழகணும். முதல் சீசன் உதை கோணலாப் போகும், அதை முன்கூட்டியே அவகிட்ட சொல்லி வைங்க, இல்லன்னா மூணாவது வாரமே மனசு விட்டுடுவா.

கேள்வி (கிளென் வேவர்லி வாசகி): பையனுக்கு 8 வயசு, பொறந்தநாளுக்கு ஃபுட்டி பந்து வாங்கணும். எந்த சைஸ்?

பதில்: சைஸ் 5 ஆம்பளைங்க ஆடறது. சின்னப் பசங்களுக்கு அதைவிடச் சின்னது நிறைய இருக்கு, அவன் ஆடற கிளப்ல கேட்டீங்கன்னா அவன் டீம் ஆடற சைஸைச் சொல்லிடுவாங்க, அதையே வாங்குங்க. நம்ம வீடுகள்ல சட்டை எடுக்கும்போது சொல்லுவோமே, வளர்ற புள்ள ஒரு சைஸ் பெருசா எடுன்னு, பந்துல அப்படிப் பண்ணாதீங்க. பெரிய பந்து அவன் உள்ளங்கைல அடங்காது, நிமித்திப் பிடிக்க முடியாம ரெண்டு கையாலயும் தூக்கிப் போட்டு உதைக்கப் பழகிடுவான், அப்புறம் அதை மாத்தறது ரொம்பக் கஷ்டம். தோல் பந்து மழைல ஊறினா கனமாயிடும், வீட்டு வாசல்ல ஆடறதுக்கு சிந்தெடிக் போதும்.