தூக்க மாத்திரை போட்டும் காலையில் ஏன் களைப்பாகவே எழுகிறேன்?

நீங்கள் நாற்பதைத் தாண்டிய பெண், மாத்திரை போட்டு எட்டு மணி நேரம் படுத்தும் எழும்போது தலை கனக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன்.

திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், வயது 49. ராத்திரி இரண்டு மூன்று முறை விழிப்பு வரும், நாக்கு உலர்ந்து ஒட்டியிருக்கும். மதியம் கரும்பலகையில் எழுதும்போதே கண் சொருகும். டாக்டரிடம் போனேன். "மாதவிடாய் நிற்கிற வயது, டென்ஷன்" என்று பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரை 0.25 மில்லிகிராம் எழுதினார். ஆறு மாதத்தில் அது 0.5 ஆனது. குறட்டை விடுவீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு கல்யாணத்தில் என் நாத்தனார் எல்லார் முன்னாலும், "அண்ணி ராத்திரி முழுக்க லாரி ஓட்டுறாங்க" என்றாள். அதிலிருந்து மண்டபத்தில் மற்ற பெண்களோடு பாய் விரித்துப் படுத்தால், எல்லாரும் தூங்கும்வரை கண்ணை மூட மாட்டேன். ஆண் குறட்டை விட்டால் உழைத்த களைப்பு என்கிறார்கள், பெண் விட்டால் சிரிக்கிறார்கள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

விடுமுறைக்கு ஹாஸ்டலிலிருந்து வந்த மகள் பக்கத்தில் படுத்திருந்தாள். ராத்திரி செல்போனில் பதிவு செய்ததைக் காலையில் போட்டுக் காட்டினாள். குறட்டை கேட்கிறது, திடீரென்று சத்தமே இல்லை. "பதினெட்டு, பத்தொன்பது" என்று அவள் மெதுவாக எண்ணும் குரல் மட்டும். முப்பத்தொன்றில் நான் திணறி மூச்சை இழுக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டித் தூங்க வைத்தார்கள். மணிக்கு 38 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 5-க்குக் கீழே இருக்க வேண்டும், 30-ஐத் தாண்டினால் தீவிரம். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடும் ஸ்லீப் ஆப்னியா. நான் போட்டுவந்த மாத்திரை அந்தத் தசையை இன்னும் தளர்த்தும், மூளை விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தும் என்று நுரையீரல் டாக்டர் சொன்னார்.

இப்போது சிபேப் மாஸ்க் போட்டுத் தூங்குகிறேன், ஒரு சின்ன மெஷின் குழாய் வழியாக அதற்குள் காற்றை அழுத்தி அனுப்பும். காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்குகிறது. முதல் இரண்டு வாரம் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் தலைவலி இல்லாமல் விழித்தேன், அழுதுவிட்டேன்.

மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை, டாக்டர்கள் கோபிக்க வேண்டாம். நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது, வலிப்பு வரைக்கும் போகலாம். எனக்கே டாக்டர் பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தார். குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்று வாதாட வருபவர்களுக்கு: என் எடை 58 கிலோ. தாடை சிறியதாக இருந்தாலும் வரும்.

இன்சூரன்ஸ்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்து வருடம் பிரீமியம் கட்டினேன். 45,000 ரூபாய் மெஷினுக்கு, வீட்டில் பயன்படுத்தும் கருவி என்று காசு தர மறுத்துவிட்டார்கள். 1981-லேயே ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கண்டுபிடித்த வைத்தியம் இது. இது இல்லாமல் நான் மூச்சு விடுவது எப்படி என்று அவர்களுக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று ராத்திரி பக்கத்தில் படுப்பவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தனியாகப் படுப்பவர் என்றால் போனைத் தலைமாட்டில் ஓடவிட்டுத் தூங்குங்கள். அடுத்த தடவை மாத்திரைச் சீட்டை நீட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள்.