ஜிக் போட ஹெவி ராடு: டாலஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, காவேரிப்பாக்கம் ஏரியில் தவளை கோத்து விரால் பிடித்தவர் நீங்கள், டாலஸ் வந்து சில மாதம்தான் ஆகிறது. பாஸ் என்கிற இந்த ஊர் நன்னீர் மீனுக்கு ஃப்ளிப்பிங், பிட்சிங் முறையில், அதாவது கிட்டத்திலேயே தாழ்வாக வீசி, ஜிக் என்கிற எடை வைத்த செயற்கை இரையைப் போட ஹெவி ராடு (விறைப்பான தூண்டில் கழி) வேண்டுமா, அதைவிடக் கொஞ்சம் இளகிய மீடியம் ஹெவியே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் குடியாத்தம் பக்கம். இங்கே குடியேறி ரொம்ப காலம் ஆகிவிட்டது. நம்ம வேலூர் பக்கத்துப் பையன் தூண்டிலைப் பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஹெவியே வாங்குங்கள். பெரிய மீனுக்குத்தான் ஹெவி என்று கடையில் சிலர் சொல்வார்கள், அது பாதிதான் சரி. ஜிக்கைக் கையில் வைத்துப் பாருங்கள். முள் நல்ல தடிமன். அதன் முன்னால் பாசி சிக்காமல் இருக்க ஒரு கொத்து நார் நிற்கும். மீன் கடித்ததும் அந்த நாரை மடக்கி, தடித்த முள்ளை அதன் தாடைக்குள் ஏற்ற வேண்டும். வளைந்து கொடுக்கிற ராடு உங்கள் இழுப்பைப் பாதி வழியிலேயே தின்றுவிடும். இரண்டு பவுண்டு மீனுக்கும் இதே கதைதான்.

அடுத்தது, மீன் இருக்கும் இடம். ஃப்ளிப்பிங் போடுவதே மூழ்கிய மரம், கோரை, படகுத்துறைக் கால் இவற்றின் இடுக்கில்தான். ஆகாயத்தாமரைக்கு அடியில் விரால் கவ்வினால் என்ன செய்வீர்கள்? கொஞ்சம் தூண்டில் நரம்பு விட்டாலும் வேருக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும், அதனால் கவ்விய வேகத்திலேயே தூக்கி வெளியே போடுவீர்கள். பாஸும் அப்படித்தான். முதல் இரண்டு விநாடியில் அதன் தலையை நம் பக்கம் திருப்பியாக வேண்டும்.

ராடில் பவர் வேறு, ஆக்‌ஷன் வேறு. பவர் என்பது எவ்வளவு பலத்துக்கு ராடு வளையும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளையும் என்பது. ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்று எழுதியிருப்பதை எடுங்கள். நுனி மட்டும் கொஞ்சம் அசையும், கீழே உறுதியாக நிற்கும். அந்த நுனி அசைவு இருந்தால்தான் அரை அவுன்ஸ் ஜிக் குறி தவறாமல் போய் விழும். எக்ஸ்ட்ரா ஹெவி இப்போது வேண்டாம். அடர்ந்த பாசி மெத்தையைத் துளைத்து இறங்க ஓர் அவுன்சும் அதற்கு மேலும் எடை கட்டுகிறவர்களுக்கு அது.

நீளம் பற்றி இணையத்தில் ஏழரை அடி என்றே சொல்வார்கள். நீளமான கழியால் கோரைக்குள் ஜிக்கை இறக்கி எடுத்த பழைய முறையிலிருந்துதான் 1970களில் கலிஃபோர்னியாவின் டீ தாமஸ் ஃப்ளிப்பிங்கை வளர்த்தெடுத்தார், நீள ராடு அந்த வழியில் வந்தது. படகில் உயரமாக நிற்பவருக்கு ஏழரை அடி சரி. நீங்கள் கரையில் நிற்கப் போகிறீர்கள். பிட்சிங்கில் ஜிக்கை இடது கையில் தொடைக்குப் பக்கத்தில் பிடித்து, ராடு நுனியைத் தாழ்த்தி, மணிக்கட்டால் மெல்லத் தூக்கி விடுவோம். நீளம் கூடினால் நுனி புல்லில் இடிக்கும். ஐந்தரை அடி ஆளுக்கு ஏழு அடி மூன்று அங்குலம் கச்சிதம்.

கடைக்குப் போகும்போது நரம்பு சுற்றும் உங்கள் ரீலைக் கொண்டுபோய் ராடில் மாட்டிப் பாருங்கள். நுனி தானாகக் கீழே சாய்ந்தால் அதை வைத்துவிடுங்கள், நாள் முழுக்க மணிக்கட்டு வலிக்கும். பிறகு நின்ற இடத்திலேயே பிட்சிங் அசைவைச் செய்யுங்கள். கைப்பிடியின் அடி விலாவில் இடிக்கக் கூடாது, ஆனால் மீனைத் தூக்கும்போது முன்கையோடு ஒட்டி நிற்கிற அளவு நீளம் வேண்டும். நரம்பு ஓடும் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டுத் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு சிக்கினால் உள்ளே கீறல் இருக்கிறது, நரம்பை அறுத்துவிடும். நூறிலிருந்து நூற்றைம்பது டாலருக்குள் நல்ல ராடு கிடைக்கும், முதல் ராடுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

நரம்பு? கோரை, பாசிக்கு 50 அல்லது 65 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னிய நரம்பு. கல், கட்டை உள்ள தெளிந்த நீருக்கு 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன், தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாத ஒற்றை இழை நரம்பு. கடி பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதே வரும். கையில் தெரியாமலும் போகலாம், ஆனால் நரம்பு லேசாகப் பக்கவாட்டில் நகரும், அல்லது சட்டென்று தொய்யும். கண்ணை அதிலேயே வையுங்கள். தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு மேல்நோக்கி வெட்டி இழுங்கள்.

ரீல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வலது கையால் வீசுகிறவர் என்றால் இடது கைச் சுற்று ரீல் எடுங்கள். ஜிக் தண்ணீரைத் தொடும்போது கை மாற்ற வேண்டியதில்லை, அந்த ஒரு நொடியில் போகிற மீன்கள் நிறைய. வேகம் ஏழுக்கு ஒன்று அல்லது எட்டுக்கு ஒன்று இருக்கட்டும், அதாவது கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளை ஏழெட்டு முறை சுற்ற வேண்டும்.

அப்புறம் மீன்பிடி லைசென்ஸ். டெக்சாஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடியிருந்தால்தான் உள்ளூர்க் கட்டணம், அதுவரை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்க லைசென்ஸே தேவையில்லை, அங்கே ஆரம்பியுங்கள். பிறகு லேக் ஃபோர்க் போவோம். தண்ணீருக்குள் மரங்கள் அப்படியே நிற்கிற ஏரி, 1992இல் 18.18 பவுண்டு பாஸ் பிடிபட்ட இடம், மாநில சாதனை. அங்கே 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும். அளவுகோல் கட்டாயம் எடுத்து வாருங்கள்.