தோப்பில் 150 பேர் கல்யாணம்: கேள்வி பதில்

திறந்தவெளிக் கல்யாணம் பற்றிக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்திலோ வீட்டு வாசலிலோ பந்தல் போட்டு, காலையில் முகூர்த்தம், மதியம் சாப்பாடு என்று நினைக்கிறார்கள். அதனால் எல்லாக் கணக்கும் 150 பேருக்கு, தமிழ்நாட்டுக் கிராமத்துத் தோப்பில் நடப்பதாக வைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது.

அண்ணா, சொந்தத் தோப்பு இருக்கு. மண்டப வாடகை அப்படியே மிச்சம்தானே?

இல்லை தம்பி. மண்டபத்தில் கூரை, தண்ணீர், கழிப்பறை, பாத்திரம், நாற்காலி எல்லாம் வாடகைக்குள் வந்துவிடும். தோப்பில் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு. மிச்சம் வருவது முக்கியமாக இரண்டு இடத்தில்தான். ஒன்று, அழைக்கிற ஆள் கணக்கைக் குறைப்பது. இன்னொன்று, முதல்நாள் இரவுச் சாப்பாட்டை வீட்டு ஆட்களோடு நிறுத்திக்கொள்வது. தேதியிலும் கொஞ்சம் குறைக்கலாம். வளர்பிறை முகூர்த்தத்தில் பந்தல்காரர், சமையல்காரர், மேளம் எல்லோருக்கும் ஒரே நாளில் கிராக்கி. தேய்பிறை முகூர்த்தம், அதுவும் வார நாள் என்றால் பேரம் பேச இடம் இருக்கும்.

எந்த மாசம் வைக்கலாம்?

தை, மாசி. மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகை திறந்தவெளிக்கு ஆகாது. ஆவணியில் உள்மாவட்டங்களில் சாயங்கால இடிமழை உண்டு. காலை முகூர்த்தம் என்றால் சமாளிக்கலாம், மாலை வரவேற்பு வேண்டாம். தையில் பனி விழும். இரவே நாற்காலி போட்டால் காலையில் எல்லாம் ஈரமாக இருக்கும். அடுக்கி மூடி வைத்து, விடிகாலையில் விரியுங்கள்.

தென்னந்தோப்பில் என்ன பார்க்கணும்?

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். பந்தலைச் சுற்றியுள்ள மரங்களில் காய், காய்ந்த மட்டை, பாளை எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே இறக்கிவிட வேண்டும். அடுத்தது தேன்கூடு. பெரிய மலைத்தேனீக் கூடு பக்கத்தில் இருந்தால் ஓமப் புகையும் வெடிச் சத்தமும் அதைக் கிளப்பிவிடும். ஆள் வைத்து முன்கூட்டியே அகற்றுங்கள். முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். மாந்தோப்பு என்றால் மரத்தில் கூடு கட்டிக் கடிக்கிற முசுறு எறும்பைப் பாருங்கள். மின்கம்பி போகிற இடத்துக்குக் கீழே பந்தலே கூடாது. இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தும்போதுதான் கம்பியில் படும்.

பந்தல் எவ்வளவு பெரிசு? கீற்றா, தகரமா, துணியா?

இரண்டு பந்தலாகப் போடுங்கள். முகூர்த்தத்துக்கு 30க்கு 40 அடி. இதில் மணவரை, 100 நாற்காலி, நடுவில் நடைபாதை அடங்கும். 150 பேரும் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தல் 30க்கு 30. ஓர் இலைக்கு 2 அடி, 24 அடி வரிசை நான்கு, ஆக ஒரு பந்திக்கு 48 இலை. மேசை, நாற்காலி, பரிமாறும் சந்து சேர்த்து வரிசைக்கு 7 அடி அகலம் விடுங்கள். சந்தின் அகலத்தைக் குறைத்தால் சாம்பார் வாளி விருந்தாளி தோளில் இடிக்கும்.

கீற்று குளிர்ச்சி, பார்வைக்கும் அழகு. தீ பிடித்தால் மட்டும் நிமிடத்தில் முடிந்துவிடும். தகரம் பத்து மணிக்கு மேல் அனல். துணிப் பந்தல் மலிவு, ஆனால் தட்டையாகக் கட்டினால் மழைத்தண்ணீர் நடுவில் தேங்கி, கனத்தில் கம்பம் சாயும். நடுவை உயர்த்தி இரு பக்கமும் சரிவாகக் கட்டச் சொல்லுங்கள். தைக்கு என்றால் முகூர்த்தத்துக்குத் துணி, சாப்பாட்டுக்குக் கீற்று போதும். எந்தப் பந்தலானாலும் சுற்றி அரையடி வாய்க்கால் வெட்டி, தாழ்வான பக்கம் திறந்துவிடுங்கள்.

சமையல் கொட்டகை குறைந்தது 30 அடி தள்ளி. அக்னி மூலை பார்ப்பவர்கள் தென்கிழக்கிலேயே வைக்கலாம். தை, மாசியில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்றுதான், புகை பந்தல் பக்கம் திரும்பாது.

சமையல்காரர் சொல்லும் அளவு சரியா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?

150 பேர் என்றால் 165 இலை போடுங்கள் அம்மா. மேளக்காரர், புகைப்படக்காரர், ஓட்டுநர், பரிமாறுபவர்கள் கணக்கில் விட்டுப்போவது வழக்கம். அரிசி கிலோவுக்கு 8 பேர் வைத்து 21 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 5 கிலோ, இலையில் போடும் பருப்புக்குத் தனியே 2 கிலோ, நெய் 1 கிலோ. பொரியல், கூட்டு ஒவ்வொன்றுக்கும் காய் 13 கிலோ. பாயசம் ஆளுக்கு 100 மில்லி, 16.5 லிட்டர். தயிர் 15 லிட்டர். அப்பளம் 350. இலை 180 வாங்குங்கள், கிழிசல் போகும். குடிக்க 20 லிட்டர் கேன் 18. சமைக்க, கழுவ 3000 லிட்டர்.

இனிப்பு இரண்டு, வறுவல் மூன்று என்று இழுக்காதீர்கள். இலையில் மிஞ்சுவது அவைதான். சிலிண்டர் 19 கிலோ வணிகச் சிலிண்டராக இருக்கட்டும், இரண்டு அடுப்பில், ஒன்று கையிருப்பில்.

மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட், பிளாஸ்டிக் டம்ளர் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. காகிதச் சுருள் விரித்தால் காற்றில் பறக்கும், இரு முனையும் கயிறால் கட்டுங்கள்.

5 கேவிஏ ஜெனரேட்டர் போதுமா?

பெரிய மின்விசிறி எட்டு, 1200 வாட். விளக்கு 600. மைக் செட் 1000. கிரைண்டர் 750. ஒரு குதிரைத்திறன் மோட்டார் 750. மொத்தம் 4300. 5 கேவிஏ தருவது ஏறக்குறைய 4000 வாட்தான். போதாக்குறைக்கு மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அதனால் முந்தின இரவே தொட்டியை நிரப்பி, மாவும் ஆட்டிவிட்டால் 5 போதும். இல்லையென்றால் 7.5. வெளி மின்சாரத்தைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் வீட்டு இணைப்பில் ஜெனரேட்டரைச் சொருக விடாதீர்கள். மின்சாரம் வெளிக்கம்பிக்கு ஏறி, அங்கே வேலை செய்பவரைக் கொல்லும்.

முகூர்த்தம் விடிகாலை 4.30 முதல் 6. மைக் வைக்கலாமா?

திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. அதன் பிறகு வைக்கவும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 150 பேருக்கு நாதஸ்வரம் மைக் இல்லாமலே கேட்கும்.

தையில் மல்லிகை விலை தாங்கலையே?

தாங்காது. குளிரில் செடி அதிகம் பூக்காது, அதுதான் காரணம். மல்லியை மாலைக்கும் தலைக்கும் மட்டும் வைத்து, மணவரைக்குச் செண்டுப்பூ, கோழிக்கொண்டை, மாவிலை, குருத்தோலைத் தோரணம். தோப்புக்கு அதுதான் பொருத்தமும்கூட.

ஓமத்தில் காற்று அடித்தால்?

மணவரைக்குப் பின்னும் காற்று வரும் பக்கமும் தென்னந்தட்டி கட்டாதீர்கள், தகரத் தட்டி வையுங்கள். குண்டத்துக்குக் கீழே செங்கலும் மணலும். மேலே பாலியஸ்டர் திரை தொங்கக் கூடாது, உருகிச் சொட்டும். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். குத்துவிளக்குக்கு வேண்டுமானால் கண்ணாடிக் கூண்டு.

கழிப்பறை?

50 பேருக்கு ஒன்று என்று மூன்று. பெண்களுக்குத் தனி. உடை மாற்ற ஒரு பூட்டுள்ள அறை.

மண்டப ரசீது இல்லாமல் பதிவு செய்ய முடியுமா?

முடியும். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பத்திரிகையில் இடத்தைத் தெளிவாக அச்சிடுங்கள்: சர்வே எண் வேண்டாம், தோப்பு, ஊர், வட்டம் போதும். தாலி கட்டும் படம், இருவரின் வயது, முகவரிச் சான்று, சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றைக் கல்யாணத்தன்றே ஒரு உறையில் போட்டு வைத்துவிடுங்கள். சாட்சிகளை உள்ளூர்க்காரர்களாகப் பாருங்கள். வெளியூர்ச் சித்தப்பாவை மறுபடி வரவழைப்பதற்குள் 90 நாள் ஓடிவிடும்.