கட்டுமான நிறுவனங்கள் ரோபோவை எடுப்பதா வேண்டாமா என்பதை எது தீர்மானிக்கிறது? விலைதானா?

விலை மட்டும் இல்லை. சிங்கப்பூர் சைட்டுகளில் வேலை பார்க்கும் எனக்குத் தெரிந்து இரண்டு விஷயங்கள்: ஆள் எடுப்பது எவ்வளவு கஷ்டம், வரைபடம் எவ்வளவு சீக்கிரம் முடிவாகிறது.

இங்கே வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்குச் சம்பளம் போக அரசுக்கு மாதாமாதம் லெவி என்ற கட்டணம் கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் உயர்திறன் ஊழியருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), அடிப்படைத் திறன் என்றால் 900. உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஏழு வெளிநாட்டவர் என்றிருந்த வரம்பும் அப்போதே ஐந்தாகக் குறைந்தது. கையில் பணம் இருந்தாலும் இஷ்டத்துக்கு ஆள் எடுக்க முடியாது. 2020இல் கொரோனாவால் தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டு சைட்டுகள் நின்றபோதே ஆளை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்து புரிந்துவிட்டது. ஜப்பானில் தொழிலாளர்களுக்கு வயதாகிறது, 2024 ஏப்ரல் முதல் ஓவர்டைமுக்கும் வரம்பு வந்தது. அங்கே காஜிமா, ஷிமிசு, தகேனாகா என்ற போட்டி நிறுவனங்களே 2021இல் ரோபோவுக்காக ஒரு கூட்டமைப்பு தொடங்கின.

சரி, ரோபோ சைட்டுக்கு வந்துவிட்டது. நிலைக்குமா?

கூரையில் துளை போடும் ஹில்ட்டி நிறுவனத்தின் ஜெய்பாட் ரோபோவையே எடுத்துக்கொள்ளுங்கள். டக்ட் (ஏசி காற்று போகும் குழாய்), தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய், கேபிள் ட்ரே எல்லாவற்றையும் தொங்கவிட ஒரு மாடிக்கே ஏகப்பட்ட துளைகள் வேண்டும். சாரத்தில் நின்று அண்ணாந்தபடி நாள் முழுக்க டிரில்லைத் தூக்கிப் பிடிக்கிறவர்களில் நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர். தூசி முகத்திலேயே கொட்டும், மாலையில் தோள் தூக்க வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த இயந்திரம் பரவ வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

ஆனால் அது கட்டடத்தின் கணினி முப்பரிமாண வரைபடமான பிம் மாடலில் உள்ள புள்ளிகளைப் பார்த்துத்தான் துளை போடும். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி அதன் இடத்தைக் கணித்துச் சொல்லும். தரையில் பலகை, கம்பித் துண்டு கிடந்தால் நகராது. எல்லாவற்றுக்கும் மேல், போன வாரம் டக்ட்டை அரையடி தள்ளிவைத்ததை யாரும் மாடலில் ஏற்றவில்லை என்றால், தவறான இடத்தில் வரிசையாக, கனகச்சிதமாகத் துளை போட்டு வைத்துவிடும். மனிதராக இருந்தால் "அண்ணே, இங்க பீம் வருதே" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

அப்புறம், அதிகம் பேசப்படாத ஒன்று: துளை போடுவது யார் வேலை? ஏசிக்கு ஒரு சப்கான் (துணை ஒப்பந்ததாரர்), மின்சாரத்துக்கு ஒருவர், தீயணைப்புக் குழாய்க்கு இன்னொருவர். தனித்தனியாகக் கணக்குப் பார்த்தால் யாருக்கும் ரோபோ கட்டுப்படியாகாது. மெயின்கான் (முதன்மை ஒப்பந்ததாரர்) எல்லாருடைய துளைகளையும் சேர்த்துத் தானே எடுத்துச் செய்தால்தான் கணக்கு நேராகும். அதற்கு ஒப்பந்தத்தையே வேறு மாதிரி எழுத வேண்டும், அதுவும் வேலை தொடங்கும் முன்பே.

சென்னையில் கூலி குறைவு என்பதால் மட்டும் ரோபோ வரவில்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்லாப் போட்ட பிறகும் அறையின் அளவை மாற்றச் சொல்லும் பழக்கம் இருக்கும்வரை, இலவசமாகக் கொடுத்தாலும் அது ஓரமாகத்தான் நிற்கும். வாங்க யோசிக்கும் நிறுவனம், கடைசியாக முடித்த கட்டடத்தில் வரைபடம் எத்தனை முறை திருத்தப்பட்டது என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். விலைப்பட்டியலை அப்புறம் கேட்கலாம்.